ரோய்பாஸ்: காஃபின் இல்லாத செந்தேநீரை நம் ஊர்த் தண்ணீரில் காய்ச்சும் முறை

மாலை ஆறு மணிக்கு டீ குடித்தால் நள்ளிரவு வரை புரண்டு படுப்பவர்கள், "காபி, டீயைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொன்னதிலிருந்து முகம் வாடி இருப்பவர்கள், பிள்ளைகளும் டம்ளரை நீட்டுகிறார்களே, டீயை எப்படிக் கொடுப்பது என்று தயங்கும் பெற்றோர்கள். இந்தக் கட்டுரை இவர்களுக்கானது. வெறும் மூலிகைக் கஷாயம் போதும் என்றால் ரோய்பாஸ் வாங்க வேண்டியதே இல்லை. சுக்குமல்லி காபி இருக்கிறது. மொரப்பூர் சாலையோரம் ஆவாரம்பூ இலவசமாகவே பூத்துக் கிடக்கிறது. ரோய்பாஸின் பயன் வேறு. நிறம், கனம், பாலோடு சேரும் குணம் என்று டீயில் நாம் தேடுவதை எல்லாம் கொடுத்துவிட்டு, காஃபினை மட்டும் கொடுக்காமல் விடுகிறது. டீக்கு நாக்கு பழகிப்போனவர்களுக்குத்தான் இது தேவை.

வாங்கியவர்களில் பலர் பாக்கெட்டில் எழுதியிருப்பதை அப்படியே செய்துவிட்டு, "சப்பென்று இருக்கிறது" என்று அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பாக்கெட்டில் எழுதியவர்களுக்குத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தண்ணீரைத் தெரியாது. நாம் டீ போடும் விதமும் தெரியாது. இரண்டையும் கணக்கில் எடுத்தால் இதே இலை நன்றாக வரும்.

இது என்ன இலை

ரோய்பாஸ் தேயிலைச் செடியிலிருந்து வருவதில்லை. சில கடைக்காரர்கள் இதை ரூயிபாஸ் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில், சீடர்பெர்க் மலைத்தொடரையும் கிளான்வில்லியம் ஊரையும் சுற்றியுள்ள மணல் நிலத்தில் வளரும் புதர்ச்செடி இது. தாவரவியல் பெயர் அஸ்பாலதஸ் லீனியாரிஸ். நமது புளி, நிலக்கடலை, துவரை, ஆவாரை எல்லாம் சேர்ந்திருக்கும் அதே அவரைக் குடும்பம். இலை ஊசி ஊசியாக இருக்கும்.

அங்கே அறுவடைக் காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அப்போது கிளைகளைத் தண்டோடு அறுத்து, சில மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, நசுக்கி, தண்ணீர் தெளித்துக் குவித்துவைக்கிறார்கள். பச்சையாக இருந்த குவியல் சூடேறி, மறுநாளுக்குள் செம்பழுப்பாக மாறி, தேன் போன்ற மணம் கொள்கிறது. பிறகு வெயிலில் பரப்பிக் காயவைக்கிறார்கள். இந்தப் புழுங்கலுக்கு விடாமல் உடனே உலர்த்தினால் அது பச்சை ரோய்பாஸ். அதன் சுவை புல்வாசம் கலந்தது, விலையும் கூடுதல். புதிதாகத் தொடங்குபவர்கள் சிவப்பையே வாங்குங்கள். பச்சையில் பால் சேராது.

அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான கோய், சான் இன மக்கள் இந்தச் செடியை நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்தார்கள். 1904இல் பெஞ்சமின் கின்ஸ்பர்க் என்ற வணிகர் இதைச் சந்தைக்குக் கொண்டுபோனார். 1930களில் பீட்டர் லெ ஃபிராஸ் நார்ட்டியர் என்ற மருத்துவர் விதையை முளைக்கவைக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகே வயல்களில் பயிரிட முடிந்தது. அதுவரை விதை கிடைப்பதே பெரும்பாடு. எறும்புகள் இழுத்துச் சென்று புற்றில் சேர்த்துவைத்த விதைகளைத் தேடி எடுத்த கதை அந்த ஊரில் இன்றும் சொல்லப்படுகிறது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பெயருக்கு, நம் புவிசார் குறியீடு போல, இடம்சார்ந்த பாதுகாப்பு கொடுத்தது.

நம் செம்மண்ணில் வளருமா என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள். குளிர்காலத்தில் மழை, அமிலத் தன்மையுள்ள சத்துக் குறைந்த மணல், வறண்ட கோடை ஆகிய மூன்றும் சேர வேண்டிய செடி இது. வணிகப் பயிராக அந்த வட்டாரத்தைத் தாண்டி இது வேரூன்றவில்லை. தளியின் குளிரைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அங்கே ரோஜாவே நன்றாக வருகிறது.

முதலில் தண்ணீர்

இலையைவிட இதற்கே அதிக இடம் கொடுக்கப்போகிறேன். இந்த இரண்டு மாவட்டங்களிலும் டீயைக் கெடுப்பதும் காப்பதும் தண்ணீர்தான்.

பெரும்பாலான வீடுகளில் இரண்டு மூன்று வகைத் தண்ணீர் இருக்கும். போர் தண்ணீர் ஒன்று. குழாயில் முறைவைத்து வரும் ஒகேனக்கல் தண்ணீர் ஒன்று. கேன் தண்ணீர் அல்லது வீட்டு ஆர்ஓ தண்ணீர் ஒன்று. மூன்றிலும் ஒரே இலையைக் கொதிக்கவைத்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். போர் தண்ணீரில் நிறம் கறுத்து, மேலே மெல்லிய ஆடை படர்ந்து, டம்ளரின் ஓரத்தில் வளையமாகக் கறை ஒட்டும். மணம் எழும்பவே எழும்பாது. ஒகேனக்கல் தண்ணீரில் செம்பு நிறமும் தேன் வாசனையும் தெளிவாக வரும். ஆர்ஓ தண்ணீரில் நிறம் இன்னும் பளிச்சென்று இருக்கும். ஆனால் உப்பை முழுவதுமாக உறிஞ்சிவிட்ட தண்ணீர் என்றால் சுவை கொஞ்சம் மொட்டையாகத் தெரியும்.

கடினத் தண்ணீரா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். துவரம் பருப்பு சீக்கிரம் வேகாமல் தகராறு செய்கிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். பருப்பு வேகாத தண்ணீரில் டீயும் தேறாது. நம் பாட்டிமார்கள் பருப்புக்கு என்று ஊர்க்கிணற்றிலிருந்து தனியாக ஒரு குடம் தூக்கி வந்தது இதற்காகத்தான்.

உப்பையாவது கண்ணும் நாக்கும் கண்டுபிடித்துவிடும், ஃபுளோரைடைக் கண்டுபிடிக்காது. இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஊர்களில் பற்களில் படிந்த பழுப்புக் கோடுகளே அதைச் சொல்லிவிடும். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013 முதல் காவிரித் தண்ணீர் ஊர்களுக்கு வரத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். ஃபுளோரைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, சுவையுமில்லை.

கொதிக்கவைத்தால் எல்லாம் போய்விடும் என்ற நம்பிக்கை இங்கே ஆபத்தானது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக, மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். டீ என்பது கொதிக்கக் கொதிக்கச் சுண்டவைக்கும் பானம் அல்லவா? போர் தண்ணீர் மட்டுமே கிடைக்கும் வீடாக இருந்தால் மாவட்டத் தலைநகரில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதித்துவிடுங்கள்.

இங்கே ரோய்பாஸுக்கு ஒரு கூடுதல் வரவு உண்டு. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும் குணமுள்ளது. முற்றிய இலையில் அது மிகுதி. மலிவான டீத்தூளைச் சுண்டக் காய்ச்சும்போது அதுவும் டம்ளருக்குள் இறங்குகிறது. ரோய்பாஸில் ஃபுளோரைடு மிகச் சொற்பம். ஏற்கனவே தண்ணீரில் தொல்லை உள்ள ஊரில் இருப்பவர்களுக்கு, ஒரு நாளின் டீக்களில் ஒன்றிரண்டை இதற்கு மாற்றுவது கணக்கில் வரும் லாபம். இலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கெட்ட தண்ணீரை அது சுத்தப்படுத்தாது. அதையும் நினைவில் வையுங்கள்.

ஆக, முதல் தேர்வு ஒகேனக்கல் தண்ணீர். அது வராத நாட்களில் ஆர்ஓ. முந்தின நாள் பிடித்துவைத்த தண்ணீராக இருந்தாலும் குற்றமில்லை. ஏற்கனவே ஒருமுறை கொதித்து ஆறியது வேண்டாம்.

இலை வாங்கும்போது

ஓசூரின் பெரிய பல்பொருள் கடைகளில் கிடைக்கலாம். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தேடி அலைவதைவிட இணையத்தில் வரவழைப்பது எளிது. இறக்குமதிச் சரக்கு என்பதால் சாதாரண டீத்தூளைவிடப் பல மடங்கு விலை. அதனால் முதலில் சிறிய பாக்கெட் மட்டும்.

பாக்கெட்டின் முன்பக்கத்துப் படத்தை மறந்துவிட்டுப் பின்பக்கத்துச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். "ரோய்பாஸ் மசாலா", "ரோய்பாஸ் பிளெண்ட்" என்று விற்பவற்றில் சிலவற்றில் அசாம் தேயிலையும் கலந்திருக்கும். அப்படியானால் காஃபினும் வந்துவிட்டது. தூக்கத்துக்காக வாங்கியவர் தூக்கத்தைத் தொலைப்பார். "காஃபின் நீக்கப்பட்டது" என்று போட்டிருந்தால் அது தேயிலையிலிருந்து காஃபினைப் பிரித்தெடுத்த சரக்கு, சிறிதளவு எஞ்சியிருக்கும். ரோய்பாஸில் இயல்பிலேயே காஃபின் கிடையாது. செம்பருத்தி டீ, பதிமுகம் போட்ட தண்ணீர் எல்லாம் சிவப்புதான், ஆனால் இவை வேறு சங்கதி. செம்பருத்தி புளிக்கும், பாலை ஊற்றினால் திரிந்துவிடும்.

பையில் அடைத்த டீயா, உதிரி இலையா? அலுவலகத்துக்குப் பை, வீட்டுக்கு உதிரி. பையில் இருப்பது பெரும்பாலும் பொடி, நிறம் சீக்கிரம் இறங்கும், மணம் குறைவு. உதிரி இலை செங்கல் நிறத்தில், ஒரே சீரான சிறு குச்சிகளாக இருக்க வேண்டும். உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து முகர்ந்தால் காய்ந்த வைக்கோலும் தேனும் கலந்த வாசனை எழும். தூசி வாசனை மட்டும் வந்தால் அது பழைய சரக்கு.

பால் சேர்க்காத முதல் டம்ளர்

பாலும் இனிப்பும் சேர்க்கும் முன் ஒருமுறையாவது வெறும் தண்ணீரில் குடித்து இலையின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி குவித்து இலை. எடை போட்டால் இரண்டரை கிராம் பக்கம் வரும். டீத்தூள் அளவைவிட இது கூடுதலாகத் தெரியும். கை தயங்க வேண்டாம்.

2. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். கிரீன் டீக்குச் சொல்வதுபோல் இளஞ்சூடு இங்கே உதவாது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் பக்கம் இருப்பதால் அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே இருப்பவர்கள் இலையைப் போட்டபின்னும் அடுப்பை அணைக்காமல் சிறு தீயில் வைத்தால் அந்தக் குறை தீரும்.

3. இலையைப் போட்டுச் சிறு தீயில் ஐந்து நிமிடம். பிறகு அணைத்து, மூடிவைத்து இன்னும் ஐந்து நிமிடம்.

4. வடிகட்டுங்கள்.

டீத்தூளை இப்படிப் பத்து நிமிடம் வைத்தால் நாக்கு வறண்டு இழுக்கும் அளவுக்குக் கசக்கும். ரோய்பாஸில் துவர்ப்பைத் தரும் டானின் குறைவு. நேரம் கூடக் கூடக் கசப்பு வராமல் கனம்தான் கூடுகிறது. அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசப் போனாலும் மன்னித்துவிடும் இலை. பாக்கெட்டில் ஐந்து நிமிடம் ஊறவைக்கச் சொல்லியிருப்பது கோப்பையில் வெந்நீர் ஊற்றிக் குடிப்பவர்களுக்கு. பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிடும் நம் பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான இலை கிடையாது.

வடிகட்டியில் ஒரு சிக்கல் உண்டு. இலை ஊசித் துண்டுகளாக இருப்பதால் சாதாரண பிளாஸ்டிக் வடிகட்டியின் துளை வழியே நழுவி, கடைசி மடக்கில் பல்லிடுக்கில் சிக்கும். எவர்சில்வர் நுண்வலை வடிகட்டி வேண்டும். இல்லையென்றால் டீக்கடைக்காரர்கள் வைத்திருப்பதுபோல் துணி வடிகட்டி. துணி புதிது என்றால் இரண்டு மூன்று முறை வெந்நீரில் அலசிவிடுங்கள். கஞ்சிப்பசை வாசனை டீயில் ஏறிவிடும். காபி ஃபில்டரில் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். தண்ணீர் குச்சிகளுக்கிடையே நிற்காமல் இறங்கிவிடுகிறது. டிக்காஷன் வெளிறித்தான் வரும்.

ஒருமுறை பயன்படுத்திய இலையில் உடனடியாக இரண்டாம் டம்ளர் போடலாம். பாதித் தண்ணீர் வைத்து, பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். மூன்றாவதுக்கு ஆசைப்படுவது கஞ்சத்தனம்.

பால் சேர்த்து, நம் டீ போல

இங்கேதான் பலர் தோற்கிறார்கள். மேலே சொன்ன அளவில் காய்ச்சிப் பாலை ஊற்றினால் வெளிறிய காவிப் பால் கிடைக்கும். டீத்தூளுக்கு உள்ள துவர்ப்பு இதில் இல்லாததால் பாலின் கொழுப்பை வெட்டி எழும்ப இதற்குக் கூடுதல் கனம் வேண்டும்.

இருவருக்கான அளவு: 300 மில்லி தண்ணீர், மூன்று தேக்கரண்டி குவித்து இலை. நடுத் தீயில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் கொதித்து, தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு சுண்ட வேண்டும். நிறம் சிவப்பிலிருந்து கருஞ்சிவப்புக்குப் போகும். கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அடி தெரியக் கூடாது. அப்போது 150 மில்லி பால். காவேரிப்பட்டணம் பக்கத்து எருமைப்பால் என்றால் 100 மில்லி போதும். மீதியைத் தண்ணீர் சேர்த்து இளக்கிக்கொள்ளுங்கள். ஒரு கொதி வந்து பொங்கி எழும்போது இறக்கி, வடிகட்டி, ஆற்றி ஊற்றுங்கள். நிறம் ஆரஞ்சுப் பழுப்பாக இருக்கும். டீக்கடை நிறத்துக்கு வராது, அதற்காக இலையைக் கொட்டிக்கொண்டே போகாதீர்கள்.

இஞ்சி சேர்ப்பதானால் தட்டிய இஞ்சியை இலையோடு தண்ணீரிலேயே போட்டுக் கொதிக்கவிடுங்கள். பச்சை இஞ்சியைப் பால் ஊற்றிய பிறகு போட்டால் திரியும். ஏலக்காய் ஒன்று போதும். ரோய்பாஸின் மணம் மென்மையானது, கிராம்பும் பட்டையும் கைநிறைய விழுந்தால் இலை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். என் விருப்பம் சுக்கு ஒரு சிட்டிகை, அவ்வளவுதான்.

இனிப்புக்குச் சர்க்கரையைவிட வெல்லம் இதற்குப் பொருந்துகிறது. இலையில் ஏற்கனவே உள்ள தேன் மணமும் வெல்லத்தின் கரும்பு வாசனையும் ஒன்றையொன்று தூக்கிவிடும். பாலக்கோடு, கடகத்தூர் பக்கம் காய்ச்சும் வெல்லம் நல்ல பழுப்பாகக் கிடைத்தால் அதை எடுங்கள். மஞ்சளாக மினுமினுப்பது வேண்டாம். அடுப்பில் பால் கொதிக்கும்போது வெல்லத்தைப் போட்டால் திரிந்துவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், இருந்தும் அவசரத்தில் போட்டுவிடுவோம். டம்ளரில் பொடித்துப் போட்டு, அதன்மேல் டீயை ஊற்றி ஆற்றுங்கள்.

வீட்டுக்கு வந்த பெரியம்மா ஒருவருக்குப் பால் இல்லாமல் கொடுத்தபோது, ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏன்டி, யாருக்குக் காய்ச்சல்? கஷாயம் வைத்திருக்கிறாயே" என்றார். அடுத்த முறை வந்தபோது சுண்டவைத்து, பால் சேர்த்து, வெல்லம் போட்டு ஆற்றிக் கொடுத்தேன். டம்ளரைக் காலி செய்துவிட்டு, "டீத்தூள் மாற்றிவிட்டாயா? நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். தேயிலையே இல்லை என்று சொன்னதற்கு அவர் நம்பவில்லை.

தொட்டுக்கொள்ள நிப்பட்டு, வறுத்த வேர்க்கடலை. காரம் கூடிய மிக்சர் இந்த டீயின் மெல்லிய மணத்தை அடித்துவிடும்.

சாப்பாட்டுக்குப் பிறகு டீ குடிப்பவர்களுக்கு

களியும் கீரையும் சாப்பிட்டுக் கையைக் கழுவியவுடன் ஒரு டம்ளர் டீ என்பது நம் பக்கம் பலரின் வழக்கம். தேயிலையின் டானின் உணவில் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். கீரையிலிருந்து வரும் இரும்புக்கு இந்தத் தடை இன்னும் அதிகம். இரத்தசோகை உள்ள பெண்களிடம் மருத்துவர்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் இடைவெளி விடச் சொல்வது இதனால்தான். 1979இல் தென்னாப்பிரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் தேயிலை டீ இரும்பு உறிஞ்சுதலைக் கடுமையாகக் குறைத்தது; ரோய்பாஸ் அப்படிக் குறைக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பின் டம்ளர் இல்லாமல் இருக்க முடியாதவர்கள் அந்த ஒரு டம்ளரை இதற்கு மாற்றிக்கொள்ளலாம். பால் சேர்க்காமல் குடித்தால் நல்லது. பாலின் கால்சியமும் இரும்புக்குக் கொஞ்சம் இடைஞ்சல்.

கோடைக்கும் மாம்பழத்துக்கும்

ஏப்ரல், மே மாதத் தர்மபுரி வெயிலில் சூடான டீயைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. காலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி இலையைக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மண்பானையில் ஊற்றிவைத்தால் அன்றே தீர்த்துவிட வேண்டும். பால் இல்லாத சாதாரண டீ குளிர்ந்தால் கலங்கிப் போகும். இது அந்த அளவுக்குக் கலங்காமல் செம்பு நிறத்திலேயே நிற்கும். எலுமிச்சை பிழிந்தால் நிறம் சற்று வெளிறும், பயப்பட வேண்டாம். இலையைப் பச்சைத் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைக்கும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். திறந்த வெளியில் குவித்துக் காயவைத்த இலை. கொதிநீரைப் பார்த்த பிறகே குடிக்கட்டும்.

மாம்பழப் பருவத்தில் இதை விட்டுவிடாதீர்கள். நன்றாகப் பழுத்த செந்தூராவைக் கூழாக்கி, மூன்று பங்கு குளிர்ந்த ரோய்பாஸுக்கு ஒரு பங்கு கூழ், அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. அல்போன்சா என்றால் எலுமிச்சை கொஞ்சம் கூட வேண்டும். கிருஷ்ணகிரித் தொழிற்சாலைகள் டின்னில் அடைக்கும் பெங்களூரா கூழ் கைவசம் இருந்தால் அதுவும் சரிதான். இனிப்புச் சேர்த்த கூழா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கலக்கிய உடனே குடிக்க வேண்டும், வைத்தால் கூழ் அடியில் தங்கிவிடும். பிள்ளைகள் பாட்டில் குளிர்பானத்தை மறப்பார்கள் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் ஜாடி காலியாகிறது.

டீயிலிருந்து மாறும்போது

ஒரே நாளில் டீயை நிறுத்திவிட்டு ரோய்பாஸுக்குத் தாவாதீர்கள். பழகிய உடலுக்குக் காஃபின் திடீரென்று நின்றால் ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கும். எரிச்சலும் சோர்வும் ஒரு வாரம் வரைகூட நீடிக்கலாம். அதைப் பார்த்துவிட்டு, "அந்தச் சிவப்பு டீ எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று இலைமேல் பழியைப் போடுகிறவர்கள் உண்டு. முதல் வாரம் இரவு டம்ளரை மட்டும் மாற்றுங்கள்; அடுத்த வாரம் மாலை டம்ளர். காலை டீயை வைத்துக்கொள்வதா என்பது உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் இடையிலான பேச்சு. இடைக்காலத்தில் பாதி டீத்தூள், பாதி ரோய்பாஸ் கலந்து காய்ச்சுவதும் நல்ல உபாயம்; வீட்டில் மற்றவர்கள் வித்தியாசத்தைக் கவனிக்கவே மாட்டார்கள். கலக்கும்போது ரோய்பாஸை முதலில் போட்டு எட்டு நிமிடம் கொதிக்கவிட்டு, டீத்தூளைக் கடைசி இரண்டு நிமிடத்துக்குப் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் டீத்தூள் கசந்துவிடும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

இது மருந்து இல்லை. சர்க்கரை குறையும், எடை இறங்கும், தோல் பளபளக்கும் என்றெல்லாம் பாக்கெட்டிலும் காணொலியிலும் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். ஒரு நல்ல டம்ளர் டீயாக இருந்தால் போதாதா? கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், புற்றுநோய்க்கு ஹார்மோன் சார்ந்த சிகிச்சை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குவது நல்லது. கர்ப்பிணிகளும் வழக்கமான பரிசோதனைக்குப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

தென்னாப்பிரிக்காவில் 1960களின் இறுதியில் ஆனிக் தெரோன் என்ற தாய், அழுகை நிற்காத தன் குழந்தைக்கு ரோய்பாஸைப் பாலில் கலந்து கொடுத்ததாகச் சொன்ன கதையால்தான் இந்த இலையின் புகழ் பரவியது. அதைப் படித்துவிட்டுக் கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டக் கிளம்பிவிடாதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு மாலையில் பால் சேர்த்து அரை டம்ளர் கொடுக்கலாம். வெல்லத்தின் அளவைத்தான் கவனிக்க வேண்டும்.

சேமிப்பும் சக்கையும்

காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பா போதும். வெயில் படாத அலமாரி. மசாலாப் பெட்டிக்கும் காபித்தூளுக்கும் பக்கத்தில் வைத்தால் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும். ஈரக் கரண்டி மட்டும் ஆகாது. மற்றபடி பாக்கெட்டில் போட்ட தேதி வரை தாங்கும் இலை. வடித்த சக்கையைப் பிழிந்து ரோஜாத் தொட்டியின் மண்ணில் பரப்பிவிடலாம். பால் சேர்த்துக் கொதித்த சக்கை என்றால் முதலில் அலசுங்கள். இல்லையென்றால் எறும்பு வரிசை கட்டி வந்துவிடும்.